பால் கொடுக்கும் காலத்துப் பசி: எனக்கு மட்டும்தான் இப்படியா?

கேள்வி · மார்ச் 28, 2024

குழந்தைக்கு ஐந்து வாரம். தாய்ப்பால் மட்டும்தான். கர்ப்பமாக இருந்தபோதுகூட எனக்கு இப்படிப் பசித்ததில்லை. சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணி நேரம் ஆகாது, மறுபடி வயிறு காந்தும். இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று நாக்கு கேட்கிறது. வீட்டில் பத்தியம். இரண்டு வேளை மிளகுக் குழம்புச் சோறு, ஒரு டம்ளர் வெந்நீர். மேலே கேட்டால் "பச்சை உடம்புக்காரி இவ்வளவு தின்னக் கூடாது" என்கிறார்கள். எனக்கு ஏதாவது கோளாறா?

ஏப்ரல் 1, 2024 · பின்னிரவு 2.50

கோளாறு ஒன்றும் இல்லை. என் பையனுக்குப் பதினோரு வாரம். இதை ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், மறு கையில் அவன்.

கணக்கைப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். 100 மில்லிக்கு 65, 70 கலோரி. தினமும் 500 கலோரி உங்கள் உடம்பிலிருந்து அப்படியே போகிறது, அந்தப் பாலைச் செய்ய ஆகும் செலவு தனி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 பரிந்துரையில், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் முதல் ஆறு மாதம் 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி என்று சொல்கிறது. வீட்டு இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று வைத்தால் கூடுதலாகப் பத்து இட்லி. உங்கள் தட்டில் யாராவது அந்தப் பத்து இட்லியை வைத்தார்களா? வைக்கவில்லை. அப்புறம் பசிக்காமல் என்ன செய்யும்?

இனிப்பு கேட்பதற்கும் காரணம் உண்டு. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வரும். அதில் பெரும்பங்கை மார்பு உங்கள் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸை எடுத்துத்தான் செய்கிறது. இரவில் புரோலாக்டின் கூடுதலாகச் சுரக்கும். பாலைச் சுரக்க வைக்கிற அந்த ஹார்மோனே பசியையும் கிளப்பும். நடுராத்திரிப் பசிக்கு வெட்கப்பட வேண்டாம்.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டால், பக்கத்தைப் பொறுத்தது. அவன் வலது பக்கம் குடிக்கும்போது என் வலது கை அவன் தலைக்கு அடியில் இருக்கும். இடது கையால் சோறு தின்ன எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால் வலது பக்கத்துக்குப் பொரிகடலை மாவு உருண்டை, இடது பக்கத்துக்கு மோர் விட்டுப் பிசைந்த சோறும் நார்த்தங்காயும். உருண்டையைக் கடித்தால் மாவு உதிர்ந்து அவன் உச்சி மயிரில் விழும். காலையில் அவனைக் குளிப்பாட்ட வரும் என் அம்மா தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, ராத்திரி எத்தனை உருண்டை தீர்ந்தது என்று சொல்லிவிடுவார்.

சாப்பிடுங்கள். தாய் சாப்பிடாவிட்டால் பால் வற்றிவிடும் என்று வீட்டில் சொல்லுங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 2, 2024

தண்ணீரைப் பற்றி எழுத விட்டுப்போனது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கட்டுப்பாட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். குழந்தை வாய் வைத்துப் பால் இறங்கும் அந்த நொடியில் தொண்டை வறண்டுபோகும், கவனித்திருப்பீர்கள். பாலை இறக்கும் ஆக்சிடோசின் தாகத்தையும் தூண்டும். "தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும், புண் சீழ் பிடிக்கும்" என்று எனக்கும் சொன்னார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் தையலைப் பார்க்க வந்தபோது அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன். "தாகம் எடுக்கிற அளவுக்குக் குடிக்கட்டும், தையலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை" என்றார். அன்றிலிருந்து கட்டிலுக்குக் கீழே ஒரு செம்பு.

ஏப்ரல் 6, 2024

பத்தியத்தை நான் திட்டுகிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இல்லவே இல்லை. இரண்டு வீட்டுப் பத்தியமும் சாப்பிட்டவள் நான். அம்மா வீடு தூத்துக்குடி, புகுந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். அறுவை சிகிச்சை கோவையில் என்பதால் முதல் மாதம் அத்தை கையால், அடுத்து அம்மா கையால்.

அத்தை வீட்டில் செலவு ரசம். நாட்டு மருந்துக் கடையில் "பிரசவச் செலவு" என்று கேட்டாலே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மிளகு, சீரகம், திப்பிலி, சுக்கு, சித்தரத்தை என்று எல்லாம் அதில் இருக்கும். அதை அரைத்து நாட்டுக்கோழிச் சாற்றில் விட்டுக் கொதிக்கவிடுவார். வாசல் வரை மணக்கும். "வெறும் வயித்துல பால் குடுக்காத சாமி" என்று சொல்லிவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

அம்மா வந்ததும் சாப்பாடு மாறியது. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, உளுந்தங்களி. களிக்கு உடன்குடிக் கருப்பட்டிப் பாகும், நடுவில் குழி பறித்து விட்ட நல்லெண்ணெயும். சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, சதையைக் கையால் பிழிந்து உதிர்த்து, கைப்பிடி பூண்டும் மிளகும் சேர்த்து வதக்குவார். எங்கள் ஊரில் பால் ஊற வேண்டும் என்றால் முதலில் நினைப்பது சுறாதான்.

இவற்றில் எதைக் குறை சொல்வது? உளுந்தில் புரதம், கோழியில் புரதம், எண்ணெயில் கலோரி, கருப்பட்டியில் இனிப்பு. பெற்று எழுந்த உடம்புக்குத் தேவையானதைக் கண்டுபிடித்துச் சமைத்த பாட்டிகளின் அறிவை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2015இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்க ஆரம்பித்த அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் இருந்த 16 பொருள்களில் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்ற சுக்கு லேகியமும் ஒன்று. அந்த வழக்கம் அவ்வளவு ஆழமானது.

என் சண்டையெல்லாம் தடுப்புப் பட்டியலோடுதான். பழம் கூடாது, தயிர் கூடாது, பருப்பு கூடாது, தேங்காய் கூடாது, கீரை ராத்திரி கூடாது, தண்ணீர் கூடாது, மூன்றாவது தடவை சோறு கூடாது. கொடுப்பதை எல்லாம் கொடுத்துவிட்டு, பாதியைப் பறித்துக்கொள்வது என்ன நியாயம்? முன்பு நாற்பது நாள், அதற்குள் வீடு நிறைய ஆட்கள், பெற்றவளுக்கு ஓய்வு. இப்போது பட்டினி மட்டும் மிச்சம், ஓய்வு போய்விட்டது.

ஏப்ரல் 7, 2024

முதல் குறிப்பில் ஒரு தப்பு செய்துவிட்டேன். "தாய் சாப்பிடாவிட்டால் பால் வற்றிவிடும்" என்றேன். அது சரியில்லை. பாலின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது குழந்தை எத்தனை தடவை, எவ்வளவு நன்றாகக் குடித்துக் காலி செய்கிறது என்பதுதான். அரை வயிற்றோடு இருக்கும் தாய்க்கும் பெரும்பாலும் பால் வரும். உடம்பு தன்னிடம் இருப்பதைக் கரைத்தாவது கொடுக்கும். பாலில் கால்சியம் குறையாது, ஏனென்றால் அது தாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பால் மறந்த பிறகு எலும்பு பெரும்பாலும் மீண்டுவிடும்.

ஆனால் எல்லாச் சத்தும் அப்படியில்லை. பி12, தயமின் என்ற பி1, அயோடின், வைட்டமின் ஏ ஆகியவை தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். சுத்த சைவம் சாப்பிட்டு, அதிலும் பாலும் தயிரும் பத்தியம் என்று தள்ளி வைத்தால் பி12 எங்கிருந்து வரும்? லாவோஸில் பெற்ற பெண்களுக்கு வெறும் சோறும் மிகச் சில பதார்த்தங்களும் மட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே தாய்ப்பால் மட்டும் குடித்த கைக்குழந்தைகளுக்குத் தயமின் குறைவால் பெரிபெரி வந்து உயிரே போயிருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியும் நீண்ட தடுப்புப் பட்டியலும் சேர்ந்தால் நம் ஊரிலும் ஆபத்துதான்.

அதனால் வீட்டில் "பால் வற்றிவிடும்" என்று பயமுறுத்த வேண்டாம். போதாத பால் என்ற பயம் ஏற்கெனவே நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. "எனக்குப் பசிக்கிறது, சோறு போடுங்கள்" என்று சொன்னால் போதும். அதற்கு வேறு காரணம் எதற்கு?

ஏப்ரல் 15, 2024

சித்திரை பிறந்துவிட்டது. வீட்டில் மாம்பழம் வந்து இறங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் கிடையாது, "பிள்ளைக்கு மாந்தம் வரும்". அறை முழுக்க பங்கனப்பள்ளி வாசம். நேற்று ராத்திரி அழுதுவிட்டேன்.

தாய் தின்றதெல்லாம் குழந்தை வயிற்றில் வாயுவாக மாறும் என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பருப்பும் முட்டைக்கோசும் வாயு உண்டாக்குவது, அவற்றில் செரிக்காத பகுதி நம் பெருங்குடலில் புளிப்பதால். அந்த வாயு இரத்தத்தில் ஏறி, மார்பில் இறங்கி, பாலோடு போய்க் குழந்தையின் வயிற்றை உப்ப வைக்காது. போவது வாசனையும் ருசியும். பசும்பால் புரதம் கொஞ்சம் போகும். சில குழந்தைகளுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாமல் மலத்தில் இரத்தமும் சளியும் வரலாம். அப்போது மருத்துவர் சொல்லித்தான் தாய் பாலை நிறுத்திப் பார்ப்பார். எல்லாத் தாயும் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டியதில்லை.

வாசனை பற்றி ஓர் ஆய்வு. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மோனெல் என்ற நிறுவனத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் வெளியிட்டது. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் பாலில் பூண்டு வாசனை தூக்கலாக இருந்தது. குழந்தைகள் முகம் சுளித்தார்களா? இல்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பை விடாமல் இருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குட்டி அமெரிக்கா? ஒங்க ஆச்சியக் கேட்டா சொல்லியிருப்பாளே" என்றார்.

மாம்பழம் இன்று மத்தியானம் ஒரு கீற்று தின்றேன். பையன் நன்றாக இருக்கிறான். நாளைக்கு இரண்டு கீற்று.

ஏப்ரல் 28, 2024

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

மாசி மாதத்திலிருந்து நான் பச்சரிசி தின்கிறேன். சமைத்தது இல்லை, அப்படியே. கோலமாவுக்கென்று எடுத்து வைத்த டப்பாவைத் திறந்தால் வரும் அந்த மண் கலந்த மாவு வாசனைக்கே வாய் ஊறிவிடும். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, முதலில் ஊறவிட்டு, அப்புறம் கடைவாயில் ஒவ்வொன்றாக நசுக்குவேன். முதலில் ஒரு பிடி, பிறகு ஓர் உழக்கு. பையன் தூங்கியதும் நேரே டப்பாவுக்குத்தான் போவேன். மேலே எழுதிய பசிக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன், பால் கொடுக்கிறோம், உடம்பு கேட்கிறது என்று.

மூன்று நாளுக்கு முன்னால் இரவு, அம்மா அறை வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, என்னத்த நறநறன்னு மெல்லுத?" பொய் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய அரிசி.

அம்மா திட்டவில்லை. விளக்கைப் போட்டு என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்கே பிள்ள" என்றார். நாளைக்கு இரத்தம் பார்க்கப் போகிறோம்.

மே 6, 2024

ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. கிட்டத்தட்ட காலிப் பெட்டி.

மருத்துவர் முதலில் கேட்டதே, "அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி, விபூதி, ஏதாவது தின்னத் தோன்றுகிறதா?" என்றுதான். இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போனால் இப்படி உணவில்லாத பொருள்களின் மேல் ஆசை வருமாம். பைகா என்று பெயர். எனக்குப் பிரசவத்தில் இரத்தம் நிறையப் போனது. மருத்துவமனையில் கொடுத்த சிவப்பு இரும்பு மாத்திரை மலச்சிக்கலாக இருக்கிறது, கறுப்பாகப் போகிறது என்று பத்தாம் நாளே நிறுத்தியிருந்தேன். பெற்ற பிறகும் 180 நாள் அதைச் சாப்பிட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். எத்தனை பேர் முடிக்கிறோம்? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூறு பேர் இந்தப் பக்கத்தைப் படித்தால் பாதிக்கு மேல் என்னைப் போல.

ஏப்ரல் 1 அன்று நான் எழுதியதை மாற்றவில்லை. பசி இயல்புதான். ஆனால் சோறு, இட்லி, களி, கருப்பட்டி என்று கேட்பது ஒரு வகை. அரிசி, மண், சாக்பீஸ், ஐஸ் என்று கேட்பது வேறு வகை. இரண்டாவது வகை ஆசை உங்களுக்கு இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ஒரு இரத்தப் பரிசோதனை போதும். நான் இரண்டு மாதம் மறைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

காலை ஒன்று, இரவு ஒன்று இரும்பு மாத்திரை, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட. கால்சியம் மாத்திரை இரண்டு மணி நேரம் தள்ளி. சாப்பாட்டோடு டீ கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. அத்தை பொள்ளாச்சியிலிருந்து ஆள் மூலம் சுவரொட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார், நல்லெண்ணெயில் மிளகு போட்டு வதக்கச் சொல்லி. ஆட்டின் மண்ணீரல். இரும்பு அதில் நிறையவே உண்டு.

மே 9, 2024

ஏப்ரல் 6 அன்று சுறாப்புட்டைப் புகழ்ந்திருந்தேன். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது, மனமில்லாமல்.

சுறா மற்ற மீன்களைத் தின்று நீண்ட நாள் வாழும் மீன். கடலில் உள்ள பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறி அதன் சதையில் சேர்ந்துவிடும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் பால் கொடுக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று சொல்லும் பட்டியலில் சுறா இருக்கிறது. பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். பத்தியத்துக்கு வாங்குவது குட்டிச் சுறா, பெரிய சுறா அளவுக்கு அதில் சேர்ந்திருக்காது என்பது உண்மை. ஆனாலும் வாரம் மூன்று நாள் சுறா என்பது எனக்கு இனி சரிப்படவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. அவர் எனக்குச் செய்த ஒன்றைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். "நாலு பிள்ளை பெத்தேன், சுறா தின்னுதான் பால் குடுத்தேன்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் அவரே கடைக்குப் போய் நெத்திலியும் சாளையும் வாங்கி வந்தார். அதே பூண்டு, அதே மிளகு, அதே கை. சாளையை அவித்து முள் எடுத்துப் புட்டாக உதிர்த்திருந்தார். சின்ன மீன், பாதரசம் மிகக் குறைவு, ஒமேகா–3 தாராளம். ருசி சுறாவுக்குக் குறைவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

மே 30, 2024

அரிசி ஆசை போய்விட்டது.

எப்போது போனது என்று தெரியவில்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஆப்பத்துக்கு ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தேன். நாலு உழக்கு அளந்து, டப்பாவை மூடி, மேலே வைத்துவிட்டு, அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஒரு மணிகூட வாயில் போடவில்லை. அரிசி வெறும் அரிசியாக இருந்தது. ஹீமோகுளோபின் இன்னும் முழுதாக ஏறவில்லை, 9.8தான். ஆசை முதலில் போய்விடும், இரத்தம் மெதுவாகத்தான் ஏறும் என்றார் மருத்துவர்.

நடுராத்திரிப் பசி மட்டும் அப்படியே இருக்கிறது. உருண்டை டப்பா வாரம் ஒரு தடவை காலியாகிறது.

ஜூன் 11, 2024

இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். பெயர் சொல்லாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஒருவருக்குப் பசி தாங்க முடியவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் எடை மட்டும் வேகமாகக் குறைகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் தைராய்டு பாருங்கள். பெற்ற சில மாதங்களில் தைராய்டு சுரப்பி வீங்கி ஹார்மோனைக் கொட்டிவிடும் ஒரு நிலை உண்டு. பிறகு அதுவே குறைவாகச் சுரக்கும் கட்டத்துக்கும் போகலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். தாகம், பசி எல்லாவற்றையும் பால் கொடுப்பதன் மேல் போட்டுவிடக் கூடாது. என் அரிசிக் கதையிலிருந்து நான் கற்றது இதுதான்.

இன்னொருவருக்குப் பசியே இல்லை. தட்டைப் பார்த்தால் அழுகை வருகிறது என்கிறார், குழந்தைக்கு இரண்டு மாதம். இவருடைய கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். எனக்கும் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் அப்படி இருந்தது. கோழிச் சாறு ஆறிப் படலம் கட்டும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டி என் வாயருகே கொண்டுவந்து காத்திருந்தார். கல்யாணம் ஆகி ஐந்து வருடம், அவர் கை என் வாய்க்கு வந்தது அன்றுதான். பத்து நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. பலருக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகவே தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இன்றைக்கே பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சாப்பிடவில்லை என்று யாரும் உங்களைத் திட்ட உரிமை இல்லை.

ஜூன் 23, 2024

தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு. கோவையிலிருந்து பேருந்தில் போனோம். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது எனக்குக் கண் இருட்டியது, அவன் ஒரு பக்கம் வீறிட்டு அழுகிறான். பேருந்து நிலையங்களில் 2015இல் திறந்த தாய்மார்கள் பாலூட்டும் அறைகளில் ஒன்று அங்கே இருந்தது. உள்ளே பெஞ்சில் இன்னொரு பெண், அவள் மடியில் ஒரு மாதக் குழந்தை. நான் எதுவும் சொல்லாமலே பையைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாதி நீட்டினாள். நன்றி சொல்லக்கூட வாய் காலியாக இல்லை.

வெளியே என் கணவர் பருத்திப்பால் வாங்கி வைத்திருந்தார். கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டது, டம்ளரைப் பிடிக்க முடியாத சூடு. பால் ஊறும் என்று மதுரையில் பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். ஊறுமோ ஊறாதோ, அந்த நேரத்தில் அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 10, 2024

26 வார விடுப்பு முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிறேன். பதினொரு மணிக்குப் பசி உயிரை எடுக்கிறது. இரண்டு டப்பா கொண்டு போகிறேன். ஒன்றில் அவித்த முட்டை இரண்டு, இன்னொன்றில் சுண்டல். பால் பீய்ச்சி எடுத்த உடனே திறந்துவிடுகிறேன்.

காபி கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் பயமில்லை, சின்ன டம்ளரில் இரண்டு. ஆனால் பிறந்த சில வாரக் குழந்தையின் உடம்பிலிருந்து காஃபீன் வெளியேற நாள்கணக்கில் ஆகும், அதனால் கைக்குழந்தைக்காரர்கள் இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. நான் முதல் இரண்டு மாதம் ஒன்றோடு நிறுத்தினேன். கஷ்டம்தான்.

அக்டோபர் 19, 2024

ஒன்பது மாதம். பசி இறங்கிவிட்டது. அவன் மூன்று வேளை சாப்பிட ஆரம்பித்ததும் என் தட்டு தானாகச் சின்னதாகிவிட்டது. ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறான், எனக்கும் வெறும் தண்ணீர் போதும்.

மார்ச்சில் கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். ஐந்து வேளை சாப்பிட்டாராம், தண்ணீர் தடை மாமியார் கையாலேயே நீங்கியதாம். ஆறாம் மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்து முடித்திருக்கிறார். படித்துவிட்டு அவ்வளவு சந்தோஷம்.

இன்று மத்தியானம் நான் பூண்டுக் குழம்பு விட்டுச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் தவழ்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து வாய்க்கு இழுத்தான். உப்பில்லாப் பருப்புச் சோற்றைத் துப்புகிறவன். ஒரு பருக்கையை நாக்கில் வைத்தேன். கண்ணைச் சுருக்கினான், சப்பினான், மறுபடி மணிக்கட்டை இழுத்தான். அந்த ருசி அவனுக்குப் பழையது.

ஜனவரி 12, 2025

கொழுந்தனார் மனைவிக்குப் போன வாரம் பெண் குழந்தை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அத்தை செலவு அரைத்துவிட்டார். இந்தத் தடவை அவரே பழமும் வாங்கி வந்தார், கட்டிலுக்குக் கீழே செம்பும் அவரே வைத்தார். இரும்பு மாத்திரை அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தது நான். உருண்டை பிடித்து டப்பாவையும் நிரப்பி வைத்தேன், சொல்ல மறந்துவிட்டேன்.

நேற்று பின்னிரவு இரண்டு மணிக்கு அடுத்த அறையிலிருந்து செல்போனில் செய்தி: "அக்கா, தூங்கிட்டீங்களா? பயங்கரமாப் பசிக்குது."

"அலமாரி, இரண்டாவது தட்டு, நீல மூடி" என்று பதில் போட்டுவிட்டு, அவளுக்கு எந்தக் கை காலியாக இருக்குமோ என்று நானே எழுந்து போனேன்.